சுவரைப் பார்த்த பக்கம்

வனத்துறை ஜீப் எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது என் அண்ணன் பச்சமுத்து மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். எதிரே என் வீட்டு வாசலில் உட்கார்ந்து நான் விதைக்கு மல்லாட்டைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தேன். வடக்கனந்தலில் ஜீப்பைப் பார்ப்பது ஒன்றும் அதிசயமில்லை. மலைக்குப் போகிற வண்டிகள் இந்தப் பக்கமாகத்தான் போகும். ஆனால் போகிற வண்டி போய்விடும். இது அண்ணன் வீட்டு முன்னால் நின்றது.

காக்கிச் சட்டை போட்ட பெண் ஒருத்தி இறங்கினாள். முப்பது வயதுகூட இருக்காது. வெயிலில் மூக்கு மட்டும் தனியாகக் கறுத்திருந்தது. பின்னாலேயே ஒரு காவலர், நோட்டும் பேனாவுமாக.

"பச்சமுத்து வூடு எதுங்க?"

அண்ணன் தவிட்டுக் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். "இதாம்மா. காட்டெருமை பச்சமுத்துன்னு கேட்டிருந்தா தெருமொனையிலயே கைகாட்டி இருப்பாங்களே."

அந்தப் பெண் காவலரைப் பார்த்தாள். காவலர் எழுதத் தொடங்கினார். நான் முறத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். எங்கள் அண்ணனுக்கு வாய்தான் முதலில் பிறந்தது, மற்ற உடம்பெல்லாம் அப்புறம் நிதானமாகப் பிறந்தது என்று எங்கள் அம்மா சொல்வாள்.

விஷயம் இதுதான். அண்ணன் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு தோல் தொங்கும். ஆள் உயரம் இருக்கும். இரண்டு கையை விரித்தாலும் அகலம் அகப்படாது. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டது. முடிப்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்க, உரித்த பக்கம் வெளியே தெரிய, பனைவெல்லத்தின் நிறத்தில் நாற்பத்தோரு வருஷமாக அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு எத்தனையோ முறை வெள்ளையடித்தாயிற்று. ஒரு முறையும் அண்ணன் அதைக் கழற்ற விட்டதில்லை. சுண்ணாம்பு மட்டை தோலைச் சுற்றிக்கொண்டுதான் போகும். போன வருஷம் மருமகன் பெயிண்ட் அடித்துக் கொடுத்தபோதும் அப்படித்தான்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், ஓடையில் விழுந்து செத்துக் கிடந்த காட்டெருமையின் தோல் என்றுதான் அண்ணன் முதலில் சொன்னார். நான்கைந்து வருஷம் போனதும் அந்தக் காட்டெருமைக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அண்ணன் பார்க்கும்போது அது முனகிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பெரிதாகப் பெரிதாக அதுவும் எழுந்து நின்றது, பிறகு துரத்தியது. போன பொங்கலுக்கு மருமகன் சிவசங்கரிடம் சொன்னபோது அது அண்ணனைக் கடுக்காய் மரத்தில் ஏற்றிவிட்டு இரண்டு நாள் கீழே காவல் காத்திருந்தது. நீங்கள் சிரிக்கலாம். நாங்களும் சிரித்தவர்கள்தான். ஆனால் சிவசங்கர், அண்ணன் மகள் அருள்மொழியின் புருஷன், கள்ளக்குறிச்சியில் செல்போன் கடை வைத்திருக்கிறவர். மாமனார் பேசியதை அப்படியே படம் பிடித்து, பாட்டும் சேர்த்து, போட்டுவிட்டார். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்களாம். நாற்பதாயிரத்து ஒன்றாவது ஆள் வனத்துறையில் இருந்திருக்கிறார்.

அந்தப் பெண்ணின் பெயர் பாரதி. வனவர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். சொல்வதைப் பதமாகத்தான் சொன்னாள். காட்டெருமைத் தோல் வீட்டில் இருந்தால் அது எப்போது வந்தது, செத்த மாட்டினுடையதா கொன்ற மாட்டினுடையதா என்றெல்லாம் பேச முடியாது. கேஸ் போட்டாக வேண்டும். ஆளைக் கூட்டிக்கொண்டு போயாக வேண்டும். ஜாமீன்கூட லேசில் கிடைக்காது.

"நாட்டு எருமைத் தோலுன்னா ஒரு பிரச்சனையும் இல்லீங்க ஐயா. அது யார் வூட்ல வேணாலும் இருக்கலாம். அதான் உங்க வாயால கேக்கலாம்னு வந்தோம். இது இன்னா தோலு?"

இதைவிட ஒரு அதிகாரி எப்படிக் கதவைத் திறந்துவிட முடியும்? எருமை என்கிற மூன்றெழுத்தைச் சொன்னால் போதும். நான் அண்ணன் முகத்தையே பார்த்தேன். அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"காட்டெருமைதாம்மா. நான் பொய் சொல்ற ஆளு கெடயாது."

அதற்குள் சிவசங்கர் பைக்கில் வந்து சேர்ந்துவிட்டார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "மாமா, உங்க கால்ல வுழறேன். அந்த வீடியோவ தூக்கிட்டேன். சும்மா வெளையாட்டுக்கு சொன்னேன்னு சொல்லுங்க மாமா. அருள்மொழி அங்க அழுதுக்கினு இருக்குது."

"வெளையாட்டுக்கா? நாப்பது வருசமா ஒருத்தன் வெளையாடுவானா?"

"மாமா, ஜெயிலு!"

"போயிட்டுப் போவுது. அங்கயும் மனுசனுங்கதான இருக்கானுங்க."

காவலர் சின்னதுரைக்கு மலைமேலேதான் சொந்த ஊராம். அவர் தோலுக்குப் பக்கத்தில் போய் நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். செத்துக் கிடந்த காட்டெருமையைத் தொட்டுப் பார்த்தவர் என்பது அவர் கை போகிற விதத்திலேயே தெரிந்தது.

"மேடம், காட்டெருமைக்கு முதுகு மேல மேடு ஒண்ணு இருக்கும். கழுத்துக்குப் பின்னாடி ஆரம்பிச்சி பாதி முதுகு வரைக்கும் வரும். தோலை உரிச்சி விரிச்சா அந்த எடம் படியவே படியாது, தூக்கிக்கினு நிக்கும். இது பாயாட்டம் படிஞ்சிருக்குது."

"நாப்பது வருசம் ஆணியில தொங்குனா நீயும் பாயாட்டம் படிஞ்சிடுவ தம்பி," என்றார் அண்ணன்.

"முட்டிக்குக் கீழ வெள்ளையா இருக்கும், சாக்ஸு போட்டாப்புல."

"காலு பக்கம் அறுத்துட்டோம். செருப்புக்கு ஆவும்னு."

"தடிமன்கூட கம்மியாத்தான் தெரியுது..."

"கெழட்டுக் காட்டெருமைப்பா. எலும்பும் தோலுமா இருந்துச்சி."

"எலும்பும் தோலுமா இருந்ததுதான் உங்கள ரெண்டு நாளு மரத்துல ஏத்தி வெச்சதா?"

சிவசங்கருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். இப்படி ஒரு வழக்கை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? பிடிக்க வந்தவர்கள் குற்றமில்லை என்று சொல்ல வழி தேடுகிறார்கள். பிடிபட வேண்டியவர் மல்லுக்கு நின்று குற்றத்தை நிரூபிக்கிறார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ஆத்திரம். அறுபத்தேழு வயதில் ஒரு பட்டப்பெயரைக் காப்பாற்றவா ஜெயிலுக்குப் போக வேண்டும்? ஊரில் நான்கு பேர் சிரித்துவிடுவார்கள் என்றா? வீராப்பு, வெறும் வீராப்பு என்று பல்லைக் கடித்தேன்.

பாரதி விரல் நுனியால் தோலைத் தடவினாள். "எங்களுக்குப் பயிற்சியில சொல்லிக் குடுத்திருக்காங்க. காட்டெருமைக்கு முடி நெருக்கமா, குட்டையா, வெல்வெட்டு மாதிரி இருக்கும். எருமைக்கு அப்டி இல்ல. சேத்துல படுத்துக் கெடக்கிற ஜீவன். முடி தூரத் தூரமா, மொரமொரன்னு இருக்கும். முடிக்கால் ஓட்டை பெருசா தெரியும். முடிப்பக்கத்தப் பாத்தா முக்கால்வாசி தெரிஞ்சிடும்." சின்னதுரையிடம் திரும்பினாள். "கழட்டுங்க."

அண்ணன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. தோலுக்கு முன்னால் போய், முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பக்கம் இன்னாத்துக்கும்மா? பூச்சி அரிச்சிப் போச்சி. நாந்தான் ஒத்துக்கினேனே. எங்க கையெழுத்து போடணும் சொல்லு. இப்டியே கூட்டிக்கினு போ. தோலை மட்டும் திருப்பாத."

அவர் குரல் உடைந்திருந்தது. அப்போதுதான் எனக்கு முதல் தடவையாக ஒரு சந்தேகம் வந்தது. வீராப்புப் பேசுகிறவன் குரல் அப்படி இருக்காது.

சமையல்கட்டு வாசலில் அண்ணி ராஜாம்பாள் நின்றிருந்தாள். அரிசி கழுவிய ஈரக் கை.

அண்ணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் பின்னால் வருவது விளங்கும். நைனார்பாளையத்திலிருந்து அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது சீரோடு ஒரு எருமையும் வந்தது. அல்லி என்று பெயர். அண்ணி கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கும். கல்யாணமான மறுவருஷம் மழை பொய்த்துவிட்டது. வைக்கோல் இல்லை, கொல்லையில் ஒரு புல் இல்லை. அல்லிக்கு விலா எலும்பு எண்ணலாம் போல ஆகிவிட்டது. மலையில் புல் இருக்கிறது, அங்கே யாரிடமாவது கொடுத்துவிட்டுத் தானியம் வாங்கிவருகிறேன் என்று அண்ணன் ஓட்டிக்கொண்டு போனார். பன்னிரண்டு நாள் கழித்து இரண்டு மூட்டை சாமையோடு வந்தார். இருசப்பன் என்கிற ஆள் வீட்டில் விட்டிருக்கிறேன், மூன்று பிள்ளைகள், ராசாத்தி மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள், முட்டி உயரப் புல், வாசலிலேயே ஓடை என்றார். இரண்டு மாதம் போனதும் மறுபடி மலைக்குப் போனவர் இந்தத் தோலைக் கொண்டுவந்து மாட்டினார்.

அதற்குப் பிறகு புளிக்கும் தேனுக்கும் கடுக்காய்க்கும் அவர் மலைக்குப் போய்வரும்போதெல்லாம் அண்ணி கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "அல்லி எப்டி இருக்குது?" அண்ணன் தண்ணீர்கூடக் குடிக்காமல் சொல்வார். கன்று போட்டுவிட்டது, நெற்றியில் வெள்ளை. இரண்டாவது கன்றுக்குக் குறும்பு ஜாஸ்தி, இருசப்பன் பெண்ணுடைய பாவாடையைத் தின்றுவிட்டது. அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அல்லியும் கிழமானாள். தோல் வந்து பதினெட்டு வருஷம் ஆகியிருக்கும், ஒரு நாள் மலையிலிருந்து வந்தவர், "அல்லி போயிடுச்சி. வயசாயிடுச்சில்ல. படுத்தது படுத்தபடியே, வலியே இல்லாம," என்றார். அண்ணி அன்றைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. பிறகு அல்லியின் மகள் கதை வந்தது. பேத்தி கதை வந்தது. சொந்தக்காரர் வீட்டு நல்லது கெட்டதுபோல அந்த மலை எருமைகளின் பிறப்பு இறப்பெல்லாம் எங்களுக்கும் மனப்பாடம்.

அந்தத் தோலை யாரும் கழற்றக் கூடாது என்றேனே, அண்ணி மட்டும் கழற்றுவாள். மாட்டுப் பொங்கலன்றைக்கு அண்ணன் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஏரிக்குப் போனதும், கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கெண்ணெய் போட்டுத் துடைத்து, அவர் வருவதற்குள் மாட்டிவிடுவாள். புருஷன் பெருமைக்கு எண்ணெய் போடுகிறாய் என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

இப்போது அண்ணி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"நவுருய்யா."

"நீ உள்ள போம்மே."

"நவுருன்றேன்ல. கெழவன் ஜெயிலுக்குப் போயி அங்க யாருக்குக் கதை சொல்லப் போற? நான் இங்க யாருகிட்ட கேக்கறது?"

அண்ணன் கையை இறக்கவில்லை. அண்ணி அந்தக் கைக்குக் கீழே குனிந்து, குழந்தை புகுந்து போவதுபோலப் புகுந்து, ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தாள். பழகின கை. சின்னதுரை ஒரு முனையைப் பிடிக்க, தோலைத் தரையில் போட்டுத் திருப்பினாள்.

கறுப்பு முடி, கஞ்சன் கை விதைத்ததுபோல அங்கொன்றும் இங்கொன்றும். நடுவே சொட்டை சொட்டையாக மினுங்கும் தோல். எண்ணெய் வாசனை கூடம் முழுக்க எழுந்தது. பாரதி குனிந்தாள். ஆனால் அவள் பார்த்தது முடியை இல்லை. பின்தொடைக்கு மேலே, இடுப்பெலும்பு இருக்க வேண்டிய இடத்தில், ஒரு பழைய சூடு. பிறை மாதிரி வளைந்து வந்து, கடைசியில் வால் மட்டும் கோணலாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. அந்தப் பிறை முழுக்கக் குங்குமம். நேற்று வைத்ததும் இல்லை, போன வருஷம் வைத்ததும் இல்லை. அடியில் கறுத்து, மேலே சிவந்து, வருஷத்துக்கு ஒரு பூச்சாக ஏறி, சந்நிதிப் படியில் உறைந்த குங்குமம்போல இறுகிக் கிடந்தது.

அண்ணன் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"நீயே சொல்லு கண்ணு," என்றாள் அண்ணி பாரதியிடம். "காட்டெருமைய நிறுத்தி வெச்சி எவன் சூடு போடுவான்? இது எங்க வூட்ல பொறந்தது. கன்னா இருக்க சொல்ல வயிறு உப்பிக்கினு, மூச்சு விட முடியாம கெடந்துச்சி. எங்கப்பா கதுரு அறுக்கிற அருவாளக் காய்ச்சி வெச்சாரு. எனக்கு அப்ப பதிமூணு வயசு. வேணாம்பா வேணாம்பான்னு அவரு கையப் புடிச்சி இழுத்தேன். அதான் இந்த வாலு கோணிக்கினு போச்சி. இது நான் இழுத்த இழுப்பு."

பாரதி நோட்டை வாங்கிக்கொண்டாள். ஆனால் எழுதவில்லை.

அண்ணன் கேட்டார். "எப்பத்திலேர்ந்து?"

"நீ மாட்டின வருசம், பொங்கலுக்கு. எண்ணெய் போடலாமேன்னு கழட்டினேன்."

"ஒரு வார்த்த கேக்கவே இல்லியே ராஜா."

"நீ சொல்லவே இல்லியே." அண்ணி அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். "எருமைய வித்துட்டு வந்தவனுக்குக் கை பூரா கொப்புளம் ஏன் வந்துச்சின்னு நான் யோசிக்கல்லன்னு நெனச்சியா? தோலப் பாத்த அன்னிக்குத்தான் புரிஞ்சிது."

அண்ணன் பேசியது எங்களிடமா, நோட்டு வைத்திருந்த பெண்ணிடமா, தரையில் கிடந்த தோலிடமா என்று தெரியவில்லை. ஏற்றத்தில் மழை பிடித்துக்கொண்டது என்றார். பாறை வழுக்கியது. கயிறு கையிலிருந்து போய்விட்டது, அல்லி கீழே உருண்டுவிட்டது. இருசப்பனும் அவன் தம்பிகளும் வந்து தூக்கினார்கள். இரண்டு நாள் உயிர் இருந்தது. கண்ணை என்மேலேயே வைத்துக்கொண்டிருந்தது. வெறுங்கையோடு எப்படி இவள் முன்னால் போய் நிற்பது என்று இருசப்பன் காட்டில் கிழங்கு தோண்டினேன், அதற்குக் கூலியாக வாங்கியதுதான் அந்தச் சாமை. தோலை அங்கேயே பதனிடக் கொடுத்துவிட்டு வந்தேன், ஆனால் அங்கேயே விட்டுவிட மனசு கேட்கவில்லை. "கொண்டாந்தப்ப நீ எதுக்கால வந்து நின்ன. இது இன்னா தோலுன்னு கேட்ட. வாயில வந்துச்சி, சொல்லிட்டேன்."

"அழுதுக்கினு வந்து நின்னிருந்தா நானும் கூட அழுதிருப்பேன்," என்றாள் அண்ணி. "நீ கதை சொல்லிக்கினு வந்து நின்ன. நான் இன்னா பண்றது?"

சிவசங்கர் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். சின்னதுரை வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு மாட்டைப் பார்த்தார்.

பாரதி நோட்டைத் திறந்தாள். ஐயாவை இப்போது கூட்டிக்கொண்டு போகவில்லை என்றாள். அம்மா சொன்னதை எழுதிக்கொள்கிறேன். ஆனால் தோல் வந்தாக வேண்டும். ஒரு துண்டு வெட்டி ஆய்வுக்கு அனுப்புவார்கள். இவ்வளவு பழைய தோலில் நிச்சயமாக முடிவு வருமா என்று சொல்ல முடியாது, வந்தாலும் மூன்று மாதம் ஆகும், கூப்பிட்டால் இருவரும் வர வேண்டும்.

"வெட்டணும்னா கழுத்துப் பக்கம் வெட்டிக்கச் சொல்லும்மா," என்றாள் அண்ணி. "அந்த எடத்த வுட்டுடச் சொல்லு. வெயில்ல போட்டுடப் போறாங்க, வெடிச்சிடும்."

"என் மேசைக்குப் பக்கத்துலயே வெச்சிக்கறேங்கம்மா." குங்குமம் உதிராதபடி அந்தப் பக்கம் உள்ளே வருமாறு பாரதியே மண்டியிட்டுச் சுருட்டினாள். இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு போய் ஜீப்பின் பின்னால் வைத்தார்கள். அண்ணி வாசல்வரை போய், வண்டி திரும்புகிறவரை நின்றாள். பெண்ணை மாமியார் வீட்டுக்கு அனுப்பும்போது நிற்பதுபோலத்தான் இருந்தது.

சிவசங்கர் அருள்மொழிக்குச் சொல்லப் போய்விட்டார். நானும் என் முறத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கூடத்துச் சுவரில் சுற்றிலும் மருமகன் அடித்துக் கொடுத்த ரோஸ் பெயிண்ட். நடுவில், தோல் இருந்த இடத்தில் மட்டும், அண்ணன் கல்யாணத்துக்கு அடித்த நீலச் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. எங்கள் அப்பா கரைத்த நீலம். நாங்கள் யாரும் அதை மறுபடி பார்ப்போம் என்று நினைக்கவில்லை. கழுத்து ஒரு பக்கம், அறுத்த கால்கள் நான்கு பக்கம், நடுவே அகன்ற வயிறு.

அண்ணி இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தாள். ஒன்றை அண்ணன் பக்கத்தில் வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீயில் ஆடை படிந்தது. வெளியே, அண்ணன் பாதியில் விட்டுப்போன தவிட்டுக்காக மாடு கத்தியது.

"ஆமா," என்றாள் அண்ணி, டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே. "தை மாசம் மலைக்குப் போய்ட்டு வந்தியே. அல்லியோட பேத்தி செனையா இருக்குதுன்ன. போட்டுடுச்சா?"

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார். முதலில் பிறந்த அந்த வாய்க்கு ஒரு வார்த்தை அகப்படாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

"போட்டுடுச்சி."

"கெடேரியா?"

"கெடேரிதான்."

"எவ்ளோ ஒசரம் இருக்குது?"

சுவரிலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கை முழுக்கப் பழைய நீலம் ஒட்டியிருந்தது. அந்தக் கையைக் காற்றில் தட்டையாக விரித்து, கொஞ்சம் யோசித்து, இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி, முழங்காலுக்கு நேராக நிறுத்தினார்.